கண்டக்டரின் சாப்பாட்டுக்கு ஒரு எஸ்டிமேட்

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் எஸ்டிமேட் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அதை யாராவது வாய்விட்டுக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வேலைக்கு வந்த புதிதில் முதலாளியின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அதே மேஜைதான். வருகிறவர் வாயைத் திறந்து, இத்தனை பக்கம், இத்தனை பிரதி, அட்டை பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள், தாள், மை, தகடு, இயந்திரம் ஓடும் நேரம், வெட்டு, தைப்பு எல்லாம் அவள் மனதுக்குள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். மேஜையில் ஒரு கால்குலேட்டரும் இருக்கிறது. அது வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்பதற்காக.

இரண்டு விஷயத்தை அவள் எந்தக் கணக்கிலும் விட்டதில்லை. ஒன்று கழிவு. இயந்திரம் சூடாகி, மை சீராக விழுகிறவரை முதலில் ஓடும் தாள்கள் எல்லாம் குப்பைக்குத்தான் போகும். இன்னொன்று கூலி. இந்தக் கூலி விஷயத்தில் அவள் ஒருமுறை முதலாளியுடனேயே மல்லுக்கு நின்றிருக்கிறாள். தாள் மடிக்கிற பெண்கள் நாலைந்து பேர் பின்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரிய வேலையைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையில் முதலாளி, "மடிக்கிற கூலியை எடுத்துடும்மா. அவங்க சும்மாதானே உட்கார்ந்திருக்காங்க" என்றார். அவளுக்கு வந்ததே கோபம். "சும்மா உட்கார்ந்திருக்காங்கன்னா நீங்க போய் அரை மணி நேரம் மடிச்சுட்டு வாங்க சார், அப்புறம் எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். முதலாளி மடிக்கவும் இல்லை, கூலியை எடுக்கச் சொல்லவும் இல்லை. அந்தக் கதையை அவள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி, அவள் வீட்டுக்காரருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும், ஆனால் அப்படிச் சொன்னால் இப்போதும் அவருக்கு முகம் சுருங்கும். விடியற்காலை முதல் ட்ரிப் அவருடையது. ஊர் எழுந்திருப்பதற்கு முன் எழுந்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிற மனிதர். ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்தார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னல் ஓரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருமுனையில் பஸ் திரும்புவது தெரியும். "லேட்டு" என்பார். அடுத்த பஸ் வரும். "பிரேக்கை மிதிக்கத் தெரியுதா பாரு" என்பார். வேறு பேச்சே கிடையாது. நாளடைவில் அந்த இரண்டும்கூட நின்றுவிட்டது. சவரம் வாரத்துக்கு ஒருமுறை என்றானது. அவள் வேலைக்குப் போகும்போது எந்த நிலையில் உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே நிலையில்தான் இருப்பார். நாற்காலியின் மெத்தையில் பள்ளம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வரும். வெளியில் சொல்ல மாட்டாள்.

பூனை வந்தது அப்போதுதான். அச்சகத்துத் தாள் கிடங்கில் எப்படியோ புகுந்து, புத்தம்புதுத் தாள் கட்டின் மேல் மூத்திரம் போய் வைத்திருந்தது. முதலாளி எள்ளும் கொள்ளுமாக வெடித்துக்கொண்டிருந்தார். அதைத் தெருவில் விட மனசு வராமல், நாலு பக்கமும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து எஸ்டிமேட் அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாதி உடம்பு கறுப்பு, பாதி அழுக்கு. குளிப்பாட்டியபின் அந்தப் பாதி வெள்ளை என்று தெரிந்தது. வந்த அன்றே வாசற்படி ஓரம் போய் நின்றுகொண்டு, வீட்டுக்காரரைப் பார்த்து விசில் அடிப்பதுபோல ஒரு கத்தல் கத்தியது. கதவைத் திறந்தால் வெளியே போகாது. மூடினால் திறக்கச் சொல்லும்.

"வாசல்ல நின்னுக்கிட்டு நம்மள ஏவுறதைப் பாரு. அசல் கண்டக்டரேதான்" என்றார் அவர். பல நாளைக்கப்புறம் அவர் பஸ்ஸைப் பற்றி இல்லாமல் சொன்ன முதல் வார்த்தை என்று நான் எழுத நினைத்தேன். ஆனால் அதிலும் பஸ்தான் இருக்கிறது. பரவாயில்லை. பூனைக்குக் கண்டக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவளுடைய தம்பி, நாய், பூனை, வண்ணமீன் இவற்றுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை வைத்திருப்பவன். அக்கா வீட்டுக்குப் பூனை வந்த சேதி கேட்டதும் ஒரு மூட்டை பூனைத் தீனி பாக்கெட்டோடு வந்து இறங்கினான். முதல் மூட்டை அன்பளிப்பு. இரண்டாவது மூட்டையிலிருந்து விலை. சொந்தத் தம்பியாக இருந்தாலும் வியாபாரி வியாபாரிதானே. தள்ளுபடி கொடுத்தான், அதை மறைக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்திருந்தபோது பாக்கெட் விலை ஏறிவிட்டது என்று சாவகாசமாகச் சொன்னான். வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டி, ஒரு பிடி தீனியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன மச்சான், டயர் பஞ்சர் ஒட்டுற பசை மாதிரி வாடை அடிக்குது. இதுக்கா விலை ஏத்துறாங்க?"

"அத்தான், இதுல எல்லாச் சத்தும் அளவோட இருக்கு. கம்பெனிக்காரன் ஆராய்ச்சி பண்ணிப் போடுறான்."

"என்னத்த ஆராய்ச்சி. நாலு மீனை வேகவெச்சுப் போட்டா பாதி விலைக்கு முடிஞ்சிடும்."

"யாரு வேகவைக்கிறது? அக்கா வேலைக்குப் போயிட்டு வந்து இதுக்கும் அடுப்பு மூட்டணுமா?"

"உங்க அக்கா எதுக்கு? நான் பண்றேன்."

அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூடத் தெரியாத மனிதர் சொன்ன பேச்சு இது. தம்பி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். நக்கலாகச் சிரித்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சிரிக்காதடா. ஒரு மாசம் நானே சமைச்சுப் போடுறேன். உங்க அக்கா கணக்குப் போடட்டும். உன் பாக்கெட்டைவிட ஒரு பைசா கூடுதலா வந்துச்சுன்னா, கரண்டியைக் கீழ வெச்சிட்டுப் பேசாம இந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிறேன். குறைவா வந்தா நீ என்ன தருவ?"

"பூனைக்குக் கக்கூஸ் மண்ணு, ஒரு வருஷத்துக்கு இலவசம். போதுமா?" என்றான் தம்பி. "ஆனா கணக்கு அக்காவோடது. நீங்க ரெண்டு பேரும் கூட்டுச் சேரக் கூடாது."

"உங்க அக்கா கணக்குல பொய் சொல்ற ஆளா?" என்று அவர் கேட்டார். தம்பி இல்லையென்று தலையாட்டினான். எஸ்டிமேட் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி அப்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் சமையல் அமர்க்களம். வெங்காயம் வதக்கி, பூண்டு தட்டிப் போட்டு, மிளகு தூவி, உப்பு பார்த்து, மனிதர் மீனை வேகவைத்துத் தட்டில் பரிமாறினார். கண்டக்டர் வந்து முகர்ந்து பார்த்தது. பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, கண்ணுக்குத் தெரியாத மண்ணை வாரி அதன்மேல் போட்டு மூடுவதுபோலப் பாவனை செய்துவிட்டுப் போய்விட்டது. கக்கூஸ் மண்ணில் அது வழக்கமாகச் செய்கிற காரியம் அது. வீட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் அவரே பூனையைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனார். அந்த டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், உப்பும் மசாலாவும் ஆகாது, நல்லவேளை உங்களைவிட உங்கள் பூனைக்கு விவரம் அதிகம் என்றாள். வெறும் மீனும் கோழியும் மட்டும் போட்டாலும் போதாது, கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஒரு சத்து குறைந்துபோகும், அதற்குத் தனியாகப் பொடி கலக்க வேண்டும் என்று சொல்லி அளவையும் சொல்லிக் கொடுத்தாள். பொடியின் விலையைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்தாலும் வாங்கிவிட்டார். சபதம் போட்டாயிற்றே.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எஸ்டிமேட் அக்காவால் நம்ப முடியவில்லை. முதல் ட்ரிப் நேரத்துக்கு அவர் எழுந்தார். சவரம் செய்தார். மீன் சந்தைக்கு நடந்தே போனார். மீன் விற்கிற அம்மாவிடம் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து, "இது நேத்தைய மீனு, எனக்கு வேண்டாம்" என்று வாதாடினார். அந்த அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "பூனைக்குத்தானே டிரைவரண்ணே, எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்றாள். "பூனைன்னா நாக்கு இல்லையா?" என்றார் இவர். அவர் பல வருஷம் பஸ் ஓட்டிய தடத்தில்தான் அந்தச் சந்தை. அங்கே அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு மீன் வாங்கப் போனவர், நாலு பேரிடம் நலம் விசாரித்து, இரண்டு இடத்தில் தேநீர் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

பிறகு சமையல். மீனை வேகவைத்து ஆறவைத்து, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவளுடைய புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்குவார். அந்த இடுக்கி போனது போனதுதான், அவள் தனக்கு வேறு வாங்கிக்கொண்டாள். கோழியை விரலால் நார் நாராகப் பிய்ப்பார். மஞ்சள் பூசணியை ஆவியில் வைத்து மசிப்பார். பொடியைத் தராசில் நிறுத்துப் போடுவார். இதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். ஒருநாள் அவள் விடுப்பில் இருந்தபோது சமையலறை வாசல் பக்கம் நின்று அவர் பேசுவதைக் கேட்டாள். "பொறு, பொறு. டயம் ஆகட்டும். டயத்துக்கு முன்னாடி வண்டியை எடுக்கக் கூடாது" என்று அவர் சொல்ல, கண்டக்டர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்குப் பக்கத்திலேயே பயமும் வந்து உட்கார்ந்தது. ஏனென்றால் கணக்கு அவள் மனதுக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அவளால் முடியாது, சிலருக்குத் தூக்கத்தில் குறட்டை வருகிற மாதிரி. அச்சகத்தில் இரண்டு விலையை ஒப்பிடும்போது ஒன்றை நூறு என்று வைத்துக்கொள்வார்கள். பாக்கெட்டை நூறு என்று வைத்துக்கொண்டாள். மீனும் கோழியும் ஐம்பத்தெட்டு. முட்டையும் பூசணியும் எட்டு. கேஸ் ஒன்பது. அந்தப் பாழாய்ப்போன பொடி பதினாலு. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கொட்டிய கழிவு ஏழு. ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. பாதி விலை என்று அவர் பீற்றிக்கொண்டது எங்கே, இது எங்கே! ஆனாலும் நூறுக்குள் நின்றது.

கூலி?

கூலியைப் போட்டால் முடிந்தது கதை. தினம் இரண்டு மணி நேரம். அச்சகத்தில் ஆகக் குறைந்த கூலி என்றால் புது ஆள் கூலி. அதைப் போட்டாலே நூற்றெண்பது ஏறும். கரண்டி கீழே போகும். அவர் நாற்காலிக்குப் போவார். சொன்ன சொல்லைத் தவறாத மனிதர் என்பதுதான் அவரிடம் உள்ள பெரிய வில்லங்கம்.

மாதம் முடிகிற வாரத்தில் அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். சங்கத்து மலர் ஒன்று போட வேண்டுமாம், நிதி பற்றாக்குறையாம். "கூலியை மட்டும் விட்டுடுங்களேன் அக்கா, புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். "கூலி இல்லாம எஸ்டிமேட் குடுத்தா அது எஸ்டிமேட்டே இல்ல சார், ஏமாத்து" என்று அவள் வழக்கம்போலச் சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தாளின் கனத்தைக் குறைத்து, அவருக்குக் கட்டுப்படியாகிற ஒரு விலை சொல்லி அனுப்பிவைத்தாள்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் முடிவு செய்துவிட்டாள். தொண்ணூற்றாறு என்றே சொல்வது. யாராவது கூலி என்று வாயெடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருஷ வேலையில் ஒரு பொய்க்கணக்கு, அதுவும் வீட்டுக்குள், பூனைச் சாப்பாட்டுக்கு. ஆண்டவன் மன்னிக்காமலா போய்விடுவான். இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டவளுக்கு அன்றைக்கு இறங்க வேண்டிய நிறுத்தமே தவறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கையில் ஒரு புதுப் பாக்கெட்டோடு வந்தான், அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு. வீட்டுக்காரர் அன்று இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சமையலறை வாசலில் கை கட்டி நின்றார். கண்டக்டர் சாப்பிட்டு முடித்து, அந்த நாற்காலிப் பள்ளத்தில் சுருண்டு படுத்திருந்தது. ஆள் எழுந்ததும் அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டு நாளாகிறது.

"உன் பாக்கெட் நூறு" என்றாள் அக்கா. "வீட்டுச் சமையல் தொண்ணூத்தி ஆறு."

தம்பிக்கு நம்ப முடியவில்லை. "கேஸ் சேர்த்தியா?"

"சேர்த்தாச்சு."

"அந்தப் பொடி? அது தங்க விலையாச்சே."

"அதுவும்தான்."

"பூனை சாப்பிடாமக் கொட்டினது?"

"கழிவு இல்லாம நான் என்னைக்குக் கணக்குப் போட்டிருக்கேன்? எல்லாம் சேர்த்துத்தான்."

தம்பி மோவாயைத் தடவிக்கொண்டான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. தோற்றால் தோல்வியை ஒப்புக்கொள்கிறவன்தான். "சரி அத்தான், நீங்க ஜெயிச்சுட்டீங்க. கூலி ஒண்ணுதான் கணக்குல வரல. அதை எதுக்குப் போடணும், நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று பெரிய மனசோடு சொல்லி, கை குலுக்கக் கையை நீட்டினான்.

அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வீட்டுக்காரர் அதைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"கூலி போடலையா?"

அவள் சாப்பாட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"உன்னைத்தாம்மா கேக்குறேன். மறந்துட்டியா, வேணும்னே விட்டியா?"

அவள் மறக்கிறவளா என்ன! அது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் அவர் குரல் அப்படி இறங்கிப்போனது.

"அன்னைக்கு மடிக்கிற பொம்பளைங்களுக்காக முதலாளிகிட்ட மல்லுக்கு நின்னியே. சும்மா உட்கார்ந்திருக்காங்கன்னா நீங்க போய் மடிச்சுட்டு வாங்கன்னு சொன்னியே. எத்தனை தடவை சொல்லியிருப்ப என்கிட்ட. இப்ப உன் தம்பி என்னைச் சும்மா இருக்கேன்னு சொல்றான், நீ வாயைத் திறக்கல. காலங்காத்தால எழுந்து போறேன், முள்ளு பிடுங்குறேன், விரலெல்லாம் வெட்டு. இதுக்கு ஒரு விலை கிடையாதா?"

கையை விரித்துக் காட்டினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தக் காய்ப்பின் மேல் மீன் முள் குத்திய சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. யாருக்காகப் பொய் சொன்னாளோ அவரையே சிறுமைப்படுத்தியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"விலை கிடையாதுன்னு நான் நினைக்கல" என்றாள். "போட்டா நீங்க தோத்துடுவீங்க. தோத்தா கரண்டியை வெச்சிடுவீங்க. அப்புறம் மறுபடியும் அந்த நாற்காலியில போய் உட்காருவீங்க. நான் வேலைக்குப் போகும்போதும் அப்படியே, வரும்போதும் அப்படியே. அதை என்னால பார்க்க முடியாதுங்க. தினம் கதவைத் திறக்கும்போது எனக்கு எவ்வளவு பயமா இருக்கும் தெரியுமா?"

இத்தனை மாதம் அவள் சொல்லாத சொல். ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. தம்பி பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்காரர் நாற்காலியைப் பார்த்தார். அதில் படுத்திருந்த கண்டக்டரைப் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"போடும்மா" என்றார்.

"எதை?"

"கூலியை. தோத்தா தோத்துட்டுப் போறேன். சும்மா இருக்கிறவன்னு பேர் வாங்கி ஜெயிக்க வேண்டாம். போடு. சீனியர் டிரைவர் ரேட்டுல போடு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேலை என்று வந்தால் அவள் வேறு ஆள்.

"சீனியர் ரேட்டெல்லாம் பஸ்ல. சமையலறையில நீங்க வந்து ஒரு மாசம்தான் ஆகுது. புது ஆள் ரேட்டு."

"வெங்காயம் போடக் கூடாதுங்கிற வரைக்கும் கத்துக்கிட்டேனே. அதுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"அதைக் கத்துக்கக் கொட்டின மீனைக் கழிவுல எழுதிட்டேன். உங்க சம்பளத்துல பிடிக்கல, அதுவே பெரிசு. புது ஆள், தினம் ரெண்டு மணி நேரம், நூத்தி எம்பது. தொண்ணூத்தாறும் நூத்தி எம்பதும் இருநூத்தி எழுபத்தாறு."

"இருநூத்தி எழுபத்தாறு!" காலண்டர் பக்கமிருந்து தம்பி திரும்பிவிட்டான். வியாபாரியின் ரத்தம் சும்மா இருக்குமா? "என் பாக்கெட் நூறு! கிட்டத்தட்ட மூணு மடங்கு! கடையில போர்டு எழுதியே மாட்டப்போறேன்."

"மாட்டிக்கோ" என்றார் வீட்டுக்காரர். முகத்தில் தோற்றவரின் சாயலே இல்லை. அந்தத் தொகையைத் தனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடைசியாகச் சம்பள உயர்வு வந்தபோதுகூட அவர் இப்படி மலர்ந்ததை அவள் பார்த்ததில்லை. "நூத்தி எம்பது என் கூலி. கேட்டியா மச்சான்? உன் பாக்கெட்டு முழுசும் நூறு. என் கை மட்டுமே நூத்தி எம்பது."

"கேட்டேன், கேட்டேன். ஆனா சொன்ன சொல் என்னாச்சு அத்தான்? கூடுதலா வந்தா கரண்டியைக் கீழ வெச்சிடறேன்னு சொன்னீங்களே."

அவர் எழுந்தார். சமையலறைக்குப் போனார். கரண்டியைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க, சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"எழுந்திரு கண்டக்டர். உட்காருறேன்னு சொல்லிட்டேன், உட்காரணும்."

கண்டக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. அது எழுந்திருக்கிற ஜாதி இல்லை. அவர் குனிந்து தூக்கப் போனார். அது உடம்பை மாவு மாதிரித் தளர்த்திப் பள்ளத்தோடு பள்ளமாக அழுந்திக்கொண்டது. தம்பி சிரித்தான். இந்தத் தடவை அந்தச் சிரிப்பில் நக்கல் இல்லை.

எஸ்டிமேட் அக்கா மேஜையிலிருந்து கரண்டியை எடுத்தாள்.

"இங்க பாருங்க" என்றாள். அச்சகத்தில் வாடிக்கைக்காரரோடு பேசுகிற குரல் அது. "பந்தயம் உங்க ரெண்டு பேருக்கும். அது முடிஞ்சது, நீங்க தோத்தாச்சு, கரண்டியும் கீழ வெச்சாச்சு. இப்ப நான் பேசறது வேற. இந்த வீட்டுல ஒரு பூனை இருக்கு. அது பாக்கெட்டைத் தொட்டு ஒரு மாசமாச்சு, இனிமே தொடவும் தொடாது. சமைக்க எனக்கு ஒரு ஆள் வேணும். கூலி என்னன்னு இப்பத்தான் பேசினோம். முதலாளி நான். வர்றதுக்கு இஷ்டமா இல்லையா?"

அவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மனைவியைப் பார்த்தார். அவள் நீட்டிய கரண்டியைப் பார்த்தார்.

"லீவு உண்டா?"

"கிடையாது."

"அப்ப சரி" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி?" என்றார் அவர். "முதல் ட்ரிப் என்னோடதுதானே."